ஏரியின் மேல் போட்ட பழி

என் மகளின் உடம்பில் வந்த தடிப்புக்குக் காரணம் நான்தான். அது தெரிந்த பிறகும் வாய் திறக்காமல், பழியை என் மனைவியின் பிறந்த ஊர் மேலேயே விட்டுவைத்தேன். ஒன்பது வருஷம்.

எண்பதுகளின் நடுவில் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். ஒரு அறை, ஒரு சமையலறை, கம்பி போட்ட ஜன்னல். நான் தெற்கத்திக்காரன், தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. மனைவி அயனம்பாக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மாதம் ஒருமுறை மகளோடு அங்கே போய்த் தங்கி வருவாள். குழந்தை மாமனோடு ஏரியில் ஆட்டம் போடும்.

மகளின் ஐந்தாவது வயதில் பிடரியும் இடுப்பும் சிவந்து தடித்தன. பிறகு கொப்புளம், நீர்க்கசிவு. முதலில் அம்மை என்றார்கள், அப்புறம் சொறி என்றார்கள். "உங்க பொண்ண எங்க புள்ளைங்களோட விடாதீங்க" என்று எதிர்வீட்டு அம்மாள் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் படித்தவன். ஏரித் தண்ணீர்தான் காரணம் என்று ஒரே நாளில் தீர்ப்புச் சொன்னேன்.

"நாங்கல்லாம் அந்தத் தண்ணியிலதானே வளந்தோம்? எங்களுக்கு ஒண்ணும் வரலியே" என்றாள் மனைவி.

"இனிமேல் அந்தப் பக்கம் போகக் கூடாது. அவ்வளவுதான்."

கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தினேன். பள்ளிக்கு அனுப்பவில்லை. காலையும் மாலையும் கந்தகச் சோப்பைப் போட்டுத் தேய்ப்பேன், குழந்தை எரிச்சலில் அலறும். மூன்று மாதம் தாயும் மகளும் அந்த அறைக்குள்ளேயே கிடந்தார்கள். வெயில் நாள். வேர்க்க வேர்க்கத் தடிப்பு கூடியது. ஏரிப் பக்கமே போகாத பிள்ளைக்கு ஏன் குறையவில்லை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு இரும்புத் துண்டு இப்படித் திரும்பத் திரும்பத் தேறாமல் போயிருந்தால் முதல் வேலையாக என் கணக்கைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

மனைவி காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள், நான் மட்டும் மகளைப் பூந்தமல்லியில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அவர் தடிப்பைப் பார்த்துவிட்டு, சட்டைக் கழுத்தைப் புரட்டினார். உள்பக்கம் கறுப்பாக எங்கள் வீட்டு எண்.

"சேங்கொட்டைச் சாறுதானே? யார் போட்டது?"

"நான்தான்."

வெளுக்கப் போட்ட துணிகள் வீடு மாறி வருகின்றன என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை சேங்கொட்டையைக் குத்திச் சாறெடுத்து, மகளின் சட்டைக் கழுத்திலும் பாவாடைப் பட்டையிலும் குச்சியால் எண் எழுதியிருந்தேன். துவைத்தாலும் போகாத கறை. எனக்குப் பெருமைதான்.

"சில பேர் தோலுக்கு அது ஆகாது. வேர்வை பட்டா இன்னும் மோசம். குறி படற இடத்துலதான் தடிப்பு இருக்கு பாருங்க. சோப்புப் போட்டுத் தேய்க்காதீங்க. ஈரத்துணி வைங்க, நகத்தை வெட்டுங்க, இந்தச் சட்டைங்க வேண்டாம்."

பழைய துணியில் ஏரித் தண்ணீரின் கிருமி ஒட்டியிருக்கிறது என்று சொல்லி எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதுசு வாங்கினேன். இரண்டு வாரத்தில் தோல் ஆறியது.

"நீங்க சொன்னது சரிதாங்க. அந்தத் தண்ணிதான்" என்றாள் மனைவி. நான் தலையை ஆட்டினேன்.

அதன்பின் கல்யாணம், சாவு என்றால் மட்டும் அவள் தனியாகப் போய் அன்றைக்கே திரும்புவாள். தொண்ணூறுகளில் அவள் அண்ணன் நிலத்தையும் வீட்டையும் விற்றார். "வீட்ட ஒப்படைக்கிறதுக்குள்ள ரெண்டு நாள் தங்கிட்டு வரட்டுமா?" என்று, விடுப்புக் கேட்கும் தொழிலாளியைப் போல என் முன்னால் நின்றாள். அப்போதுதான் சொன்னேன்.

அவள் போய், பாதியில் விட்ட தேங்காயைத் துருவத் தொடங்கினாள். "அப்ப தண்ணி மேல தப்பில்ல" என்றாள்.

"இல்லை."

மறுநாள் மனைவியையும் மகளையும் அயனம்பாக்கத்துக்கு அழைத்துப் போய், அவள் அண்ணனிடமும் எல்லோர் முன்னாலும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "இன்னா மாப்ளே, நீ வெச்ச கறைக்கு எங்க ஏரிய தொவச்சிகினு இருந்தியா? அதுவும் ஒம்போது வருசம்!" என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. வீட்டை ஒப்படைக்கும்வரை இருவரும் அங்கேயே இருக்கட்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். பன்னிரண்டு நாள் இருந்தார்கள்.

அண்ணன் குடும்பம் காட்டுப்பாக்கத்துக்குக் குடிபோனது. அவள் இன்றும் அங்கே போகிறாள், நினைத்தபோது, நினைத்த நாள்வரை. போகட்டுமா என்று என்னிடம் கேட்பதில்லை. கிளம்பும்போது குழம்பு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்வாள். எப்போது வருவாய் என்று நானும் கேட்பதில்லை.