கரைப்பக்கத் துடுப்பு

எங்கள் பள்ளியின் பந்தயப் படகு மலையேறி வந்தது ஒரே ஒரு முறை. லாரி டிரைவர் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இறங்கி, படகின் வால் பாறையில் இடிக்கிறதா என்று பார்த்து, முன்னும் பின்னுமாக ஒடித்து ஒடித்துத்தான் ஏற்காடு வரை கொண்டுவந்தாராம். ஏரிக்கரையில் இறக்கிப் போட்டுவிட்டு, "இத மறுக்கா கீழ கொண்டுபோகோணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க" என்றவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று சொல்வார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன் நடந்தது அது. ஆகவே படகு ஏரியிலேயே கிடந்தது. பந்தயங்களோ எல்லாம் கீழே, சமவெளியில். அங்கே போய், குலுக்கலில் எந்தப் படகு விழுகிறதோ அதில் ஏறி வலிக்க வேண்டும்.

சேலத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் சில வருஷம் செய்தி திருத்திக்கொண்டிருந்துவிட்டு, பி.எட். முடித்து இந்தப் பெண்கள் பள்ளிக்கு வந்தவள் நான். ஏரிக்கு அருகில் குடியிருந்தேன் என்ற ஒரே காரணத்துக்காகப் படகு அணியை என் தலையில் கட்டினார்கள். தலைமையாசிரியை என்னிடம் நீச்சல் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். "நீங்க கரையிலதானே நிக்கப் போறீங்க" என்றார். விஷயம் முடிந்தது.

பந்தயப் பருவம் கார்த்திகையில் தொடங்கி மாசியில் முடியும். காப்பிப் பழம் பறிக்கும் காலமும் அதுதான். யார் இப்படி ஏற்பாடு செய்தார்கள் என்று நான் எத்தனையோ காலையில் நினைத்திருக்கிறேன். நாலு பெண்கள் துடுப்பு வலிக்க வேண்டும். ஐந்தாவது ஒருத்தி பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடித்துக் குரல் கொடுக்க வேண்டும். நாலு பேரில் வாழவந்திப் பெண்ணின் பஸ் வரவில்லை என்றால் மாரமங்கலத்துப் பெண்ணுக்குக் காய்ச்சல். அவளுக்குக் காய்ச்சல் விட்டால் இன்னொருத்தியின் வீட்டில் பழம் பறிக்க ஆள் போதவில்லை. ஐந்து பேரும் சேர்ந்து தண்ணீரில் இறங்கிய காலைகள் குறைவு. அந்தக் காலைகளில் பெரும்பாலும் பனி.

படகுத் துறைக் காவலர் நடுவயதுக்காரர். மப்ளரைக் காதோடு இறுக்கிக் கட்டியிருப்பார். ஏரியில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். எந்தப் படகானாலும் கரையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு ஏரியைச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் போகக் கூடாது. காலையில் ஆகாயத்தாமரை அள்ளுகிற படகு ஒன்றும் தண்ணீரில் இருக்கும். பனியில் இரண்டு படகும் நேருக்கு நேர் வந்துவிட்டால் மோதிய பிறகுதான் தெரியும். ஆகவே எல்லாரும் ஒரே பக்கமாகச் சுற்றினார்கள். எங்கள் பெண்கள் இடது, வலது என்றுகூடச் சொல்வதில்லை. இடப்பக்கத் துடுப்புக்குக் கரைப்பக்கம் என்றும் வலப்பக்கத் துடுப்புக்கு ஏரிப்பக்கம் என்றும் பெயர் வைத்திருந்தார்கள்.

கரைப்பக்கத்தில், சுக்கான் பிடிப்பவளுக்கு நேர் எதிரே உட்கார்பவள் கொட்டச்சேட்டுப் பெண். எஸ்டேட் தொழிலாளி வீட்டுப் பிள்ளை; பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவள் துடுப்பை வைத்துத்தான் மற்ற மூவரும் தாளம் பிடிக்க வேண்டும். தோளிலிருந்து வலிக்காமல் இடுப்பிலிருந்து வலிப்பாள். அவள் துடுப்பு தண்ணீரை விட்டு வெளியே வரும்போது சத்தமே இருக்காது. அந்த வருஷத்து அணியில் உண்மையாக வலிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு அந்தப் பருவத்தில் ஒரு கணக்கு இருந்தது. பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால் கீழே ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரலாம். இல்லையென்றால் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் அவளுக்குப் பழம் பறிக்க ஒரு இடம் வைத்திருந்தார், அவள் அம்மாவின் இடம். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அவள் அப்பாவே என்னிடம் வந்து பேசினார்.

"ஏனுங்க டீச்சர், புள்ள காலேசு காலேசுங்குது. சர்டிபிகேட் வந்துச்சுன்னா நான் தடுக்கமாட்டேனுங்க. வரலீன்னா சித்திரையில பேரு குடுத்தர்றேனுங்க. ரைட்டர் அதுக்கு மேல காக்கமாட்டாரு."

வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

சுக்கான் பிடித்தவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சேலத்து முஸ்லிம் குடும்பத்துப் பெண். பத்தாவது. உடம்பு சின்னது, குரல் பெரியது. தலைமுக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையிலும் சுக்கான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பனிக்குள்ளிருந்து அவள் கத்துவது எனக்குக் கரையில் கேட்கும். "இழு! விடு! தூங்குறியாடி? எங்க கடைப் பூனைகூட உன்னவிட வேகமாக் கைய ஆட்டும்!" படகு எங்கே இருக்கிறது என்று அந்தக் குரலை வைத்துத்தான் நான் கண்டுபிடிப்பேன். படகைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

முதல் பந்தயம் ஒரு நீர்த்தேக்கத்தில். மலையிறங்கும்போது வளைவுகளில் வாழவந்திப் பெண் வாந்தியெடுத்தாள்; எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்த வேறு இருவர் அடிவாரத்தில் எடுத்தார்கள். தண்ணீரைப் பார்த்ததும் ஐந்து பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். அவ்வளவு வெளிச்சம். மிதவைகள் கட்டி நேர்நேராகத் தடம் பிரித்திருந்தார்கள். எங்கள் ஏரியில் அப்படி ஒரு நேர்க்கோடு எங்கும் கிடையாது.

கொடி விழுந்ததும் எங்கள் படகு முன்னால் போனது. கொஞ்ச தூரம் போனதும் வலப்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல, ஒரே சீராக, பக்கத்துத் தடத்துக்குள் போய் அடுத்த பள்ளிக்காரிகளின் துடுப்போடு துடுப்பை மோதியது. நடுவர் சிவப்புக் கொடி காட்டினார். நாங்கள் நீக்கப்பட்டோம்.

கரையேறிய பிறகு சுக்கான்காரியிடம் கேட்டேன், கயிற்றை எப்படிப் பிடித்தாய் என்று.

"எப்பவும் போலத்தானுங்க டீச்சர்" என்று வலது கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக் காட்டினாள். "இப்பிடித்தானே புடிக்கோணும்?"

ஏரியைச் சுற்றுகிற படகுக்கு அப்படித்தான் பிடிக்க வேண்டும். வலதுகைக் கயிறு எப்போதும் கொஞ்சம் இழுபட்டே இருக்கும். சுக்கான் பிடிப்பது என்றாலே அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். கயிறு இரண்டும் சமமாக இருக்கிற நிலையை அவள் கை அறிந்ததே இல்லை.

"நேராப் போற எடத்துல நேராப் புடிக்கோணும்னு யாருடி சொல்லித் தர்றது உனக்கு?" என்றாள் கொட்டச்சேட்டுப் பெண். முகம் சிவந்திருந்தது.

"நீ மட்டும் நேராப் போன எடத்தக் கண்டியாக்கும்? உங்கூட்டுக்குப் போற ரோடே வளைஞ்சுதான் போகுது."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கயிற்றை ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். சரிசெய்தும் விட்டோம். ஆனால் இரண்டாவது பந்தயத்திலும் படகு வலப்பக்கமே போனது. சுக்கான்காரி இந்த முறை இடதுகைக் கயிற்றை விடாமல் இழுத்து இழுத்துத் தடத்துக்குள் வைத்திருந்தாள். சுக்கான் குறுக்கே நின்றதால் படகு தண்ணீரை உழுதுகொண்டு போனது. கடைசியாக வந்தோம்.

திரும்பி வந்த மறுநாள் பனி இல்லாத ஒரு காலை வாய்த்தது. துறையில் நின்று முதல் தடவையாக முழுப் படகையும் பார்த்தேன். துடுப்பு விட்டுப்போன இடத்தில் தண்ணீரில் சுழி விழும். இடப்பக்கச் சுழிகள் பெரிதாக, ஆழமாக இருந்தன. வலப்பக்கம் தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி சட்டென்று அடங்கிவிட்டன. சுற்றும்போது வெளிப்பக்கத்துக்குத்தான், அதாவது கரைப்பக்கத்துக்குத்தான், வேலை அதிகம். பருவம் முழுக்க ஒரே பக்கமாகச் சுற்றியதில் கரைப்பக்கத்துப் பெண்கள் இருவருக்கும் பலம் ஏறிவிட்டது, அதிலும் கொட்டச்சேட்டுப் பெண்ணுக்கு அளவுக்கு மீறி. ஏரிப்பக்கத்து இருவருக்கும் ஏறவில்லை.

பக்கம் மாற்றி உட்கார வைத்துப் பார்த்தேன். கை மாறியதும் மாரமங்கலத்துப் பெண்ணின் துடுப்பு தண்ணீரில் மாட்டி, பிடி அவள் விலாவில் அடித்தது. இரண்டு நாள் அவள் வரவில்லை. எதிர்த்திசையில் சுற்றலாமா என்று காவலரிடம் கேட்டேன்.

"பனி போகட்டுமுங்க டீச்சர். அப்புறம் எப்பிடி வேணும்னாலும் சுத்துங்க. இப்ப ஆகாதுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா அந்தப் புள்ளைங்களுக்கு நான்தானுங்க பதில் சொல்லோணும்."

அவர் சொன்னது நியாயம். ஆனால் பனி போவதற்குள் கடைசிப் பந்தயமும் முடிந்துவிடும். மீதி இருந்த வழிகள் இரண்டு. கொட்டச்சேட்டுப் பெண்ணை இறக்கிவிட்டு, மாற்று ஆளாக இருந்த ஒரு சுமாரான பெண்ணை உட்கார வைக்கலாம். படகு நேராகப் போகும். அல்லது அவளைக் குறைத்து வலிக்கச் சொல்லலாம்.

காப்பிப் பழத்தின் கறை விரல் இடுக்கில் கறுத்திருக்க, துறைப் படியில் உட்கார்ந்து அவள் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"கம்மியா இழுக்கோணுங்களா?"

"படகு நேராப் போகணும்னா வேற வழியில்ல."

"அவங்க ரெண்டு பேரையும் நெறையா இழுக்கச் சொல்லுங்க டீச்சர்."

"அவங்களால முடிஞ்சதத்தான் இழுக்கறாங்க."

கொப்புளத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு, "எஸ்டேட்டுல கம்மியாப் பறிச்சா மேஸ்திரி திட்டுவாரு. இங்க நெறையாப் பறிச்சாத் திட்டு" என்றாள். அது சிரிப்பதற்காகச் சொன்னதல்ல.

"நீ வேண்டாம்னா..."

"வேண்டாம்னு நான் சொல்லலீங்களே."

எழுந்து போய்ப் படகில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் கரைப்பக்கத் துடுப்பை வலித்ததைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. நன்றாக ஓடத் தெரிந்தவர் கல்யாண ஊர்வலத்தில் நடப்பதுபோல இருந்தது.

கடைசிப் பந்தயம் மாசியில், ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில். வெயில், உப்புக் காற்று, சேற்று வாடை. மலைக்காரர்களான எங்களுக்குப் படகைத் தூக்கி வைப்பதற்குள்ளேயே களைத்துவிட்டது. ஸ்வெட்டர்களை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன். முதல் நாள் முழுக்கப் பயணம். விடைத்தாள் கட்டு ஒன்றும் பையில் திருத்தாமல் கிடந்தது. தோற்றால் தோற்கட்டும், ஊருக்குப் போய்த் தூங்கலாம் என்ற நினைப்பும் எனக்கு இல்லாமல் இல்லை.

படகு புறப்பட்டது. நேராகப் போனது. இரண்டு பக்கச் சுழிகளும் ஒரே அளவில், இரட்டை வரிசையாக விழுந்துகொண்டே வந்தன. சுக்கான்காரியின் குரல் தண்ணீர்மேல் தெளிவாகக் கேட்டது.

"அப்பிடியே! அப்பிடியே! எங்க அத்தா தராசு புடிக்கறாப்பல! ஏறவும் வேண்டாம், எறங்கவும் வேண்டாம்!"

முன்னால் இரண்டு படகுகள் எட்டாத தூரத்தில் போய்விட்டன. நாங்கள் மூன்றாவது. முடிவுக் கொடி தெரிகிற இடத்தில் நாலாவது படகு எங்களை நெருங்க ஆரம்பித்தது. கொட்டச்சேட்டுப் பெண் வலிக்கிறவள் என்பதால் பின்னோக்கி உட்கார்ந்திருந்தாள். அந்தப் படகின் மூக்கு ஏறி ஏறி வருவதை ஒவ்வொரு வலிப்புக்கும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் முதுகு இறுகியது. இடுப்பு முன்னால் சரிந்தது. முழுசாக வலிக்கப் போகிறாள் என்று நினைத்து நான் எழுந்து நின்றுவிட்டேன். ஸ்வெட்டர்கள் கீழே விழுந்தன.

"வேண்டாண்டி! வேண்டாண்டி சாமி!" என்று சுக்கான்காரி கத்தினாள்.

அவள் வலிக்கவில்லை. அதாவது, குறைத்த அளவுக்கே வலித்தாள். அரைப் படகு வித்தியாசத்தில் மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினார்கள்.

மற்றவர்கள் படகிலிருந்து இறங்கும்போதே ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்று கூச்சல் போட்டார்கள். சுக்கான்காரிக்குக் குரலே இல்லை. கொட்டச்சேட்டுப் பெண் துடுப்பைக் கழற்றிக் கழுவி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். மூச்சு வாங்கவில்லை. முகத்தில் வேர்வைகூட அதிகம் இல்லை.

"இன்னும் இருந்துச்சுங்க டீச்சர்" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

ஸ்வெட்டரைக் கொடுத்தேன். அந்த வெயிலில் அது எதற்கு என்று இருவருமே யோசிக்கவில்லை.

அவள் அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எஸ்டேட்டில் அவள் அம்மாவின் இடம் வேறொருத்திக்குப் போனது. சான்றிதழைப் பார்த்துக் கல்லூரியிலிருந்து, மே மாதம் நேரில் வந்து வலித்துக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் காலை அவள் ஏரிக்கு வந்தாள். மற்ற நாலு பேரையும் எப்படியோ இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஏரியில் பனி இல்லை. எதிர்க்கரை மரங்கள் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. அவள் தன் பழைய இடத்தை விட்டு, வலப்பக்கத்தில் ஏரிப்பக்கத் துடுப்பில் போய் உட்கார்ந்தாள்.

படகு கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கிளம்பியது. அவள் துடுப்பு கோணலாக விழுந்து பின்னால் இருந்தவள்மேல் தண்ணீரை வாரி அடித்தது. திட்டு ஆரம்பமானது. காவலர் மப்ளர் இல்லாமல் துறையில் நின்று பார்த்தார்.

"நொம்ப மோசமா வலிக்குதுங்களே அந்தப் புள்ள" என்றார்.

"ஆமா" என்றேன். "முழுசா வலிக்கறா."