உருளைக்கிழங்குக்காகக் கடற்பாசி தேடிப் போனேன்

தேடிப் போன பொருளை இரண்டு தட்டு தின்று முடித்துவிட்டு, எங்கேயும் கிடைக்கவில்லை என்று புலம்பிய ஆள் நான். இதைப் படித்துவிட்டுத் தூத்துக்குடிப் பக்கம் போகிற நீங்கள் என்னைவிடச் சமர்த்தாகத்தான் திரும்புவீர்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடியில் போனது. எனக்கு மேட்டுப்பாளையம் கிழங்கு மண்டியில் எடை போடும் வேலை. உருளைக்கிழங்கை மூட்டை மூட்டையாகப் பார்த்தவன். என் மகள் செல்வியோ கோயம்புத்தூரில் விவசாயம் படித்துக்கொண்டு, அதைக் கண்ணாடிக் குழாய்க்குள் வளர்த்துக்கொண்டிருந்தாள். முளையின் நுனியைக் கடுகைவிடச் சிறிதாக வெட்டி, ஜெல்லி மாதிரி ஒன்றில் நட்டு, அது செடியானதும் துண்டுபோட்டு மறுபடி நட வேண்டுமாம். கடைசியில் கிடைப்பது சுண்டைக்காய் அளவில் நோயில்லாத விதைக்கிழங்கு. இதை எந்தத் தராசில் போடுவது என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஜெல்லி செய்கிற கடற்பாசி தீர்ந்துவிட்டதாம். எழுதிக் கேட்டும் வரவில்லை. ஒரு வாரத்துக்குள் புது ஜெல்லிக்கு மாற்றாவிட்டால் செடிகள் காய்ந்துவிடும், இரண்டு வருட வேலை போய்விடும்.

"போச்சுன்னா படிப்ப விட்டுடறேன்ப்பா. நீங்க பாத்த மாப்பிள்ளையையே ஆவணியில கட்டிக்கறேன்" என்றாள். அந்த வீட்டாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் பாசி கிடைக்கும் என்று யாரோ சொல்ல, பையைத் தூக்கினேன்.

மதுரை வழியாகத் தூத்துக்குடிக்குப் பஸ் கட்டணம் பதினேழு ரூபாய்ச் சொச்சம். மாதா கோயில் திருவிழா சமயம். லாட்ஜில் இடமில்லை, பஸ் நிலைய பெஞ்சுதான். காலையில் கடை கடையாக ஏறினேன். ஒரு மளிகைக்கடைக்காரர்தான் விவரம் சொன்னார்.

"ரம்ஜான் நோம்பு வருதுல்லா அண்ணாச்சி. இருந்த பாசியெல்லாம் காயல்பட்டினத்துக்காரங்க வாங்கிட்டுப் போயிட்டாவ."

கடற்கரையில் பச்சைப் பாசி இருந்தது. அதை நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, நாள்கணக்கில் காயவைக்க வேண்டும். அதற்குள் செடிகள் என்னாவது?

காயல்பட்டினம் முப்பது கிலோமீட்டர். எங்கள் மண்டியில் கிழங்கு வாங்கும் வியாபாரி ஒருவர் அங்கே இருந்தார். அவர் வீட்டில் உட்கார்ந்ததும் தேங்காய்ப்பால் சேர்த்த வெள்ளை வில்லைகள் தட்டில் வந்தன. பசி வேறு. இரண்டு தட்டு உள்ளே போன பிறகுதான் பாசி கிடைக்காத துயரத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாசி பச்சையாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

அவர் காலித் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தேடி வந்ததத்தான் தின்னு முடிச்சிட்டியளே அண்ணாச்சி."

பாசியைக் காய்ச்சி உறைய வைத்த வில்லைகளாம் அவை. உள்ளே பெண்கள் சிரிப்பது கேட்டது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செல்வியின் கதையை முழுக்கச் சொன்னேன். பாசியில் கிழங்கு எப்படி விளையும் என்று கேட்டார். எனக்கே தெரிந்தால்தானே சொல்வேன்.

சற்று நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பை நீண்டது. நோன்புக்கென்று வைத்திருந்த பாசி மொத்தமும் அதில் இருந்தது, சுத்தமாகக் காய்ந்த வெள்ளைப் பாசி. பாதி போதும் என்றேன்.

"எல்லாத்தையும் கொண்டு போங்க. நோம்பு வருசா வருசம் வரும். புள்ளையோட செடி காத்திருக்குமா?" என்றது வீட்டுக்கார அம்மாவின் குரல். முகத்தை நான் பார்க்கவில்லை. விலை கேட்டதற்கு வியாபாரி எழுந்தே போய்விட்டார்.

போகிறவர்களுக்கு: ஆடியில் மாதா கோயில் திருவிழா சமயத்தில் தூத்துக்குடியில் தங்க இடம் தேடாதீர்கள், திருச்செந்தூருக்குப் போய்விடுங்கள். பாசி வேண்டுமென்றால் நோன்புக்கு இரண்டு மாதம் முன்பே போங்கள். ஆடிக் காற்றில் மணல் பறக்கும், பையின் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். யார் வீட்டிலானாலும் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

நானும் திருச்செந்தூர் போனேன், அறுபது பைசா டிக்கெட். மடியில் பாசிப் பையோடு கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு வாங்கி, மகள் பெயருக்கு என்றேன்.

"கல்யாண காரியமா அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர். "கவலப்படாதிய. முருகன் முடிச்சு வச்சிருவான்."

தலையாட்டினேன். நானே பார்த்த மாப்பிள்ளை, நானே பேசிய சம்பந்தம். அது நடக்கவே கூடாது என்று வேண்டிக்கொள்ளத்தான் போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.