ஜெயபாயின் சாட்சி

கொல்லயில் ஊரில் ஜெயபாய் என்ற பெயரில் இரண்டு பேர் உண்டு. மீன்குழம்பு வைக்கிற ஜெயபாய் என்று கேட்டால்தான் இவளைக் காட்டுவார்கள். பாறசாலை போகிற சாலையோரத்தில் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் நடத்தும் சின்னக் கேன்டீனில் மத்தியானம் உட்கார இடம் கிடைப்பது பெரிய பாடு. எல்லாம் அவள் அரைக்கிற தேங்காயின் குணம். வாயும் கொஞ்சம் நீளம்தான். குழம்பில் உப்பு போதாது என்று யாராவது சொன்னால், "ஒனக்க நாக்குலயாக்கும் கொறவு" என்று அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளுக்குத் தூக்கம் போயிற்று. ஏன் போயிற்று என்று ஊர் தேடித் தேடி அலுத்தது. கணவர் விஜயதாஸ் டைல்ஸ் ஒட்டுகிறவர், குடிக்காத மனிதர்; காலை முதல் ரயிலுக்குத் திருவனந்தபுரம் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். மகள் மினி வெளியூர் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லாத வீடு. காரணத்தோடுதான் வரவேண்டும் என்று நோய்க்கு என்ன கட்டாயம்? வந்தது. வாழைத் தோட்டத்துக்குள் யாரோ நின்று தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னாள். பிறகு, விஷம் கலந்திருக்கிறார்கள் என்று குழம்பைச் சட்டியோடு கவிழ்த்தாள். விஜயதாஸ் முதலில் ஜெபத்துக்கும், அப்புறம் நெய்யாற்றின்கரையில் டாக்டரிடமும் கூட்டிப்போனார். மாத்திரை கொடுத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் குரல்கள் அடங்கின, தூக்கம் வந்தது, வாயும் பழையபடி நீண்டது.

ஸ்தோத்திர ஆராதனை நாளில், நன்மை பெற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்வது அவர்கள் சபையில் வழக்கம். வேலை கிடைத்தவன் சொல்வான், பிள்ளை பெற்றவள் சொல்வாள். உபதேசியார் கனகதாஸ் அவளையும் சொல்லச் சொன்னார். நோய்க்காலத்தில் தினமும் வீட்டுக்கு வந்து ஜெபித்த மனிதர்; மறுக்க அவளுக்கு மனமில்லை. எழுந்து நின்று, "கர்த்தர் என்னைப் பூரணமாச் சொகமாக்கினாரு" என்றாள். சபையே அல்லேலூயா சொன்னது. கண் கலங்காத பெண்கள் குறைவு.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பூரண சுகம் என்று தேவ சந்நிதியில் சொல்லியாயிற்று. இனி இதை விழுங்கினால் அது பொய்ச்சாட்சி அல்லவா? நிறுத்து என்று ஒருவரும் சொல்லவில்லை. உபதேசியாரோ விஜயதாஸோ அப்படிக் கனவிலும் நினைக்கவில்லை. அவளே முடிவு கட்டினாள். தினமும் மாத்திரையைத் தென்னையின் அடிக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளினாள். பக்தியோடு செய்த காரியம், அதனால் துளி சந்தேகமும் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு மத்தியானம், கேன்டீனில் கூட்டம் நிரம்பியிருந்தபோது, சோற்றுப் பானையைத் தள்ளிவிட்டுச் சாலை நடுவே போய் உட்கார்ந்தாள். லாரிக்காரன் பிரேக் பிடித்ததால் பிழைத்தாள். இந்த முறை ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தது.

வீடு திரும்பிய பிறகு நோயைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. விசுவாசத்தில் எங்கோ ஓட்டை என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். அப்படிச் சொன்னவளின் கைப்பையில் பிரஷர் மாத்திரை இருக்கும். அதற்கு மட்டும் யாரும் விசுவாசத்தை அளந்து பார்ப்பதில்லை! ஜெயபாய்க்குத் திருப்பிக் கொடுக்கத் தெம்பில்லை. மாத்திரையை விழுங்கினாள், விழுங்கும்போதெல்லாம் கர்த்தரைக் காட்டிக்கொடுப்பதாக நினைத்து அழுதாள். விஜயதாஸுக்கு அந்த அழுகைதான் பயம். இப்படி அழுதுகொண்டு எத்தனை நாள் விழுங்குவாள்? மறுபடி நிறுத்திவிட்டால், அடுத்த லாரி நிற்கும் என்று யார் சொல்ல முடியும்?

கேன்டீனை நடத்தும் சரசம்மா ஒருநாள் வந்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரியாது. சண்டைதான் தெரியும்.

"நீ இல்லாம மீன்கறி ஒருத்தனும் தின்ன மாட்டேங்கான். எப்ப வாற?"

"காலத்தே எழும்ப முடியல்ல சரசம்மா. மாத்திரை தின்னா ஒடம்பு கல்லு மாதிரி கெடக்கு."

"காலத்தே வரச் சொன்னது ஆரு? இட்டிலிய நான் பாத்துக்கிடுவேன். நீ பத்து மணிக்கு வந்தாப் போரும்."

"ஆளுவ பயப்படுவினும்."

"பயம் உள்ளவன் அவனுக்க வீட்டுல போயி தின்னட்டு."

அப்படிப் பத்து மணிக்காரியாகத் திரும்பிப் போனாள். முதலில் கை நடுங்கியது. தேங்காய் துருவினால் பாதி தரையில் கிடந்தது. விஜயதாஸுக்கு வேலை இருந்த நாளில் சரசம்மாவே டாக்டரிடம் கூடப் போய், தன் கையே நடுங்குவதுபோல முறையிட்டாள். டாக்டர் மாத்திரையை மாற்றினார். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் ஜெயபாய் கொஞ்சம் படுக்க ஸ்டோர் ரூமில் பாய் விரிக்கப்பட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

உபதேசியாரும் வந்தார். ஜெபம் முடித்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, மாத்திரை திங்கியதையும் சேத்துச் சொல்லுன்னு நான் சொல்லியிருக்கணும். எனக்கும் தோணல்ல."

அந்த வார்த்தை அவளுக்குள் வேலை செய்தது. ஆனால் சபையில் எழுந்து சொல்வதா? மினிக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியிருக்கிற நேரம். வாயை மூடிக்கொண்டு இரு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். விஜயதாஸ் மட்டும் தடுக்கவில்லை.

அடுத்த ஸ்தோத்திர ஆராதனையில் யாரும் கேட்காமலே எழுந்தாள்.

"கர்த்தர் என்னைக் கைவிடல்ல. ஆனா நான் போன தடவ சொன்னது முழுசும் சரியில்ல. நான் மாத்திரை திங்கியேன். டாக்டரு போரும்னு சொல்லுதது வர திங்கணும். இடையில நிறுத்தினேன், சாவப் பாத்தேன். மாத்திரையும் சரசம்மாவும் எனக்குக் கர்த்தர் தந்ததாக்கும்."

அல்லேலூயா எழவில்லை. யாரோ இருமினார்கள். ஜெயபாய் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பிந்து என்ற பெண் வாசலில் காத்து நின்றாள். அதிகம் பேசாதவள்.

"அக்கா, எனக்க தம்பி அகிலேஷ் இருக்கான் இல்லியா, அவனும் மாத்திரை தின்னவனாக்கும். ஆருட்டயும் சொல்லல்ல. போன தடவ நீங்க சொன்னதக் கேட்டுட்டு நான்தான் அவனுட்ட சொன்னேன், ஜெயபாய் அக்காவுக்குப் பூரண சொகமாச்சு, விசுவாசிச்சாப் போரும்னு. அண்ணைக்கே நிறுத்திட்டான். இப்ப கதவ அடச்சுட்டு இருக்கான். டாக்டருட்ட விளிச்சா வர மாட்டேங்கான்."

அந்த லாரி தன்மேல் ஏறியிருந்தால்கூட ஜெயபாய்க்கு இவ்வளவு வலித்திருக்காது. தான் விழுந்த குழிக்குள் இன்னொரு பிள்ளையும் கிடக்கிறான். பிந்துவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

"டாக்டரு வெள்ளியாழ்ச்ச வருவாரு. காலத்தே உள்ள பஸ்ஸுல நான் போறேன். எனக்க மாப்பிள அதுக்கு முன்னாலயே ரயிலுக்குப் போயிருவாரு, என்னை எழுப்ப ஆளில்ல. அவனுட்ட டாக்டர் காரியம் ஒண்ணும் பேசாத. ஜெயபாய் அக்காவுக்கு மாத்திரை தின்னா எழும்பப் பாடாக்கும், வந்து எழுப்பி விடணுமாம்னு மட்டும் சொல்லு. அவன் கதவத் தொறந்து வெளிய வந்தாப் போரும், மிச்சம் நான் பாத்துக்கிடுவேன்."

வெள்ளிக்கிழமை காலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டு, கல்லாய்க் கனத்த உடம்பை இழுத்துக்கொண்டு போய்த் திறந்தாள். தாடி வளர்ந்து, தலை குனிந்து, அகிலேஷ் தனியாக நின்றிருந்தான்.

"எழும்பியாச்சா அக்கா?" என்று கேட்டான்.