உத்தரத்துக்குக் கீழே பழகிய வீச்சு

ஹார்லன் டைக்ஸ்ட்ரா வாயைத் திறப்பது அபூர்வம். அமெரிக்காவின் அயோவாவில் ஒரு சின்ன ஊரின் தானியக் கிடங்கில் காலமெல்லாம் லாரிகளுக்கு எடை போட்டு ஓய்வு பெற்றவர். சோளம் கொண்டுவரும் விவசாயிக்கு அவர் கொடுத்த மரியாதை ஒரு தலையசைப்புதான். மனைவி போன பிறகு அதுவும் குறைந்துவிட்டது. சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதென்றால் அது வியாழக்கிழமை சாயங்காலம், கோல்ஃப் மைதானத்தில், நண்பர் லெஸ்டரோடுதான். அதிலும் மூன்று வார்த்தை லெஸ்டரைத் திட்டுவதாக இருக்கும்.

அந்த வியாழக்கிழமைக்குத்தான் இப்போது ஆபத்து. அவர்கள் கிளப்பில் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. ஏப்ரலில் மைதானம் திறக்கும் நாளன்று, அறுபது தாண்டியவர்கள் நான்காவது குழிக்குப் பந்தடிக்கும் மேடையில் நின்று ஓடைக்கு அப்பால் பந்தை அடித்துக் காட்ட வேண்டும். மூன்று பந்துகளில் ஒன்று தாண்டினால் போதும், வியாழக்கிழமை ஆட்டம் நிலைக்கும். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை காலையில், கிழவர்கள் கூட்டத்தோடு, குழிக்குக் கிட்டத்தில் போட்ட மேடையிலிருந்து ஆட வேண்டியதுதான். இந்தச் சட்டத்தைப் போட்ட மகானுபாவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. லெஸ்டருக்கோ காலை முழுக்கப் பால்பண்ணை வேலை. செவ்வாய்க்கிழமை என்றால் அவருக்கு ஆட்டமே கிடையாது.

போன வருஷம் இருவர் பந்தும் மயிரிழையில்தான் தாண்டின. அதனால் குளிர்காலம் முழுவதும் ஹார்லனின் டிராக்டர் கொட்டகையில் பழைய கம்பளத்தைத் தொங்கவிட்டு அடித்துப் பழகினார்கள். பிடியைத் தளர்த்து, தோளை முழுசாகத் திருப்பு, இடுப்பு முன்னால் போகட்டும், கை பின்னால் வரட்டும் என்று செல்போன் வீடியோவில் யாரோ சொன்னதையெல்லாம் செய்தார்கள். கம்பளத்தில் பந்து மோதிய சத்தம் பக்கத்துப் பண்ணை வரை கேட்டது. அந்தச் சத்தத்தில் இருவரும் மயங்கிப் போனார்கள். பந்து எந்தப் பக்கம் போகும் என்று கம்பளத்துக்கு எப்படித் தெரியும்?

மைதானம் திறந்த அன்று காற்று பலமாக அடித்தது. கிளப் தலைவர் டுவைட் வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னார். "அடிக்கிறவங்களுக்கு யாரும் யோசனை சொல்லக் கூடாது. சொன்னவரோட மிச்சப் பந்து போச்சு."

"ஹார்லனுக்கு அந்தக் கவலையே வேணாம்" என்றார் லெஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

லெஸ்டரின் முதல் பந்து நன்றாகத்தான் கிளம்பியது. பாதி வழியில் இடது பக்கம் வளைந்து புதரில் விழுந்தது. ஹார்லனுடையதும் அதே புதரில் விழுந்தது. இரண்டாவது பந்தை இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக அடித்தார்கள். அது இன்னும் மோசமாக வளைந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. லெஸ்டர் கையை மூன்று தடவை கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது பந்துக்கு முன் லெஸ்டர் ஒத்திகைக்காக ஒரு வீச்சு வீசினார். கை காதுக்கு அருகில் போய் நின்றுவிட்டது. தலை லேசாகக் குனிந்தது. ஹார்லனுக்கு அப்போதுதான் புரிந்தது. கொட்டகையின் தாழ்வான உத்தரம். முதல் வாரத்தில் இருவர் மட்டையும் அதில் மோதியிருக்கிறது. அதன் பிறகு கை தானாகவே தாழ்ந்து, பக்கவாட்டில் சுற்றிவரப் பழகிவிட்டது. பந்து வளைவதும் அதனால்தான். வெட்டவெளியில் நின்றுகொண்டு லெஸ்டர் அந்த உத்தரத்துக்குப் பயந்துகொண்டிருந்தார்.

இனி தன் கடைசிப் பந்தை எப்படி அடிப்பது என்று ஹார்லனுக்குத் தெரிந்துவிட்டது. பேசாமல் இருந்தால் போதும், வியாழக்கிழமை அவருக்குத்தான். பேசாமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் கொட்டகை அவருடையது. வா, பழகலாம் என்று கூப்பிட்டதும் அவர்தான். தன் மேலேயே அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. லெஸ்டர் மட்டையைப் பந்தின் பின்னால் வைத்துவிட்டார்.

"லெஸ்டர், மேல உத்தரம் இல்லடா."

டுவைட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஹார்லன், எனக்குக் காதுல விழல."

"விழுந்துச்சு. என் பந்து போச்சு."

லெஸ்டர் திரும்பிப் பார்த்தார். "வாயே திறக்காதவன், இன்னிக்கா திறக்கணும்?"

"அடிடா. வீணாக்கிடாத."

லெஸ்டர் கையை நன்றாக உயர்த்தி அடித்தார். பந்து நேராகப் போய், ஓடைக்கரைக்குச் சற்று அப்பால் விழுந்தது. அவர் அதைப் பார்க்காமல் ஹார்லனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹார்லன் தன் மூன்றாவது பந்தையும் வைத்தார்.

"கணக்குல வராது" என்றார் டுவைட்.

"தெரியும்."

தளர்ந்த பிடி, முழுசாகத் திரும்பிய தோள், வானத்தைப் பார்த்து உயர்ந்த கைகள். பந்து ஓடையைத் தாண்டி, லெஸ்டரின் பந்தையும் தாண்டி, இளைஞர்களின் பந்துகள் விழும் இடத்தில் போய் உருண்டது. ஹார்லன் தன் வாழ்நாளில் அவ்வளவு தூரம் அடித்ததில்லை. அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மட்டையைப் பையில் செருகிவிட்டு டுவைட்டிடம் திரும்பினார்.

"செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"