கர்த்தர் என் விக்கலை நிறுத்தின விதம்

சபையாருக்கு என் தோத்திரம். நடுவுல விக்காம இதைச் சொல்லிட்டேன் பாருங்க, அதுவே பாதி சாட்சி. மீதியையும் சொல்லிட்டு உக்காந்துருதேன்.

அணாக் காசு போயி நயாபைசா வந்த புதுசு. கோவில்பட்டியில ஒரு பஞ்சாலையில, சடுகுடு ஆடுறதுக்குன்னே என்னைய வேலைக்கு எடுத்திருந்தாவ. பேருக்குத்தான் பதிலி ஆளு. எவனாவது லீவு போட்டா மிஷின் பக்கம் போவேன், மத்தபடி மைதானந்தான் எனக்கு ஆபீஸ். விலா எலும்புல விரிசல், ஒரு காது மடங்கிப் போச்சு, அதுக்குத்தான் சம்பளம். "இந்த பைனல்ல ஜெயிச்சுக் குடு, உன்னைய நிரந்தரமாக்குதேன். தோத்தா கேட்டுப் பக்கமே வராத"ன்னு மேனேஜர் கண்டிசனாச் சொல்லிட்டாரு.

எதிர்த்து ஆட வாரவிய யாரு? எப்போதும்வென்றான் ஊர்க்காரவிய. ஊருக்கே அப்படிப் பேரு வச்சிருக்கவியள என்னத்தப் போட்டு ஜெயிக்க? போதாக்குறைக்கு அது எம் பொண்டாட்டி எஸ்தர் பொறந்த ஊரு. அவ அண்ணன் தாவீதும் அந்த டீமுலதான். பிடிக்கிறதுல எமன்.

அந்த நேரம் பாத்து எஸ்தரும் கோவிச்சுக்கிட்டு அங்கன போயிட்டா. காரணத்தச் சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. தூக்கத்துல சடுகுடுன்னு பாடிக்கிட்டே அவ காலப் பிடிச்சு இழுத்துட்டேன். பாயத் தாண்டிப் போயி விழுந்தா. "தூங்கும்போதுங்கூட சடுகுடுதானா? எம் பேர என்னைக்காவது ஆசையா ஒரு தடவ சொல்லியிருப்பீயளா?"ன்னா. எனக்கும் வாயி சும்மா இருக்கல. "போறவ போ"ன்னுட்டேன். போயிட்டா.

அவ பஸ் ஏறின மறுநாள் எனக்கு விக்கல் பிடிச்சுது. பிடிச்சுதுன்னா பிடிச்சதுதான், விடல. சடுகுடுக்காரனுக்கு விக்கல் வந்தா என்ன கதி தெரியுமா? ஒரே மூச்சுல, பாட்டு அறாம எதிராளி எல்லைக்குள்ள போயித் திரும்பணும். பாட்டு அறுந்தா ஆள் அவுட்டு.

குனிஞ்சு தண்ணி குடிச்சேன். சீனி தின்னேன். பயமுறுத்துனா நிக்கும்னு கூட ஆடுதவன் ஒருத்தன், "ஏலே, மேனேஜர் உன்னைய நிப்பாட்டிட்டாரு"ன்னான். அழுகதான் வந்துச்சு, விக்கல் போகல. அழுதுக்கிட்டே விக்கினேன். பலசரக்குக் கடை மீரான் அண்ணாச்சி மட்டும் சிரிச்சாரு. "தம்பி, யாரோ உம்ம விடாம நினைக்காவ. இதுக்கு மருந்து எங்கடையில இல்ல, பஸ் ஸ்டாண்டுல இருக்கு. போயிக் கூட்டிட்டு வாரும்."

நான் போகல. வீம்பு.

கோயிலுக்குப் போயி முழங்கால் போட்டேன். "கர்த்தாவே, இந்த விக்கல மட்டும் எடுத்துரும்"னு கண்ணீரோட ஜெபிச்சேன். "ஆ"ன்னு ஆரம்பிச்சு, நடுவுல விக்கி, "மென்"னு முடிச்சேன். என் தலையில கைய வச்ச உபதேசியாரு, பாவம், சிரிப்ப அடக்க முடியாம துண்ட வாயில பொத்திக்கிட்டு வெளிய போயிட்டாரு. ஆண்டவரும் என்னையக் கைவிட்டுட்டாருன்னு நெனச்சேன். நெசமாவே நெனச்சேன்.

பைனல் அன்னைக்குக் கூட்டம்னா கூட்டம். பாடிப் போனேன். "சடுகுடு சடுகு... விக்!" அம்பயர் ஊதிட்டாரு. கொஞ்ச நேரங்கழிச்சுத் திரும்ப உள்ள விட்டாவ. திரும்பவும் விக். எங்க மில்லுக்காரவியளே சிரிச்சாவ. வெளிய போயிக் கரிசல் மண்ணுல உக்காந்து, முழங்காலுக்குள்ள தலைய விட்டு வேற ஜெபம் பண்ணுனேன். "கர்த்தாவே, வேலை போனாப் போகட்டும். நாளைக்கு மொத பஸ்ல போயி அவளக் கூப்பிடுதேன். விக்கிக்கிட்டே போறேன். அவ வந்தாப் போதும்."

தலைய நிமித்துனேன். எஸ்தர் நிக்கா! ஊர்க்காரவிய வந்த லாரியில அவளும் ஏறி வந்திருக்கா. இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "நல்லா இருக்குய்யா லட்சணம்! ஊரே சிரிக்குது. இதுக்குத்தான் என் காலப் பிடிச்சு இழுத்தீயளா? எந்திரிச்சுப் போங்க!"ன்னு ஒரு சத்தம் போட்டா பாருங்க. எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. கூடவே விக்கலும் நின்னு போச்சு.

எங்காளு ஒருத்தன் எதிராளியத் தொட்டுட்டு வர, என்னையத் திரும்பவும் உள்ள விட்டாவ. கடைசிப் பாட்டு. ரெண்டு பக்கமும் சமம். நான் பாடிப் போயி ஒருத்தனத் தொட்டுட்டேன். திரும்புறதுக்குள்ள தாவீது என் இடுப்பக் கட்டிட்டான், அவனுக்கு மேல இன்னும் ரெண்டு பேரு. நடுக்கோடு கண்ணுக்கு முன்னால கெடக்கு, கை எட்டல. மூச்சு முட்டுது. அப்பந்தான் எனக்கே காதுல விழுந்துது, நான் சடுகுடுன்னு பாடல. "எஸ்தரு எஸ்தரு எஸ்தரு"ன்னு பாடிக்கிட்டிருக்கேன்!

"ஏலே, மாப்ள எந்தங்கச்சி பேரையில்லா பாடுதாரு!"ன்னு தாவீது சிரிச்சுட்டான். சிரிச்சவன் பிடி தளந்துச்சு. கோட்டத் தொட்டுட்டேன்.

அவிய சண்டைக்கு வந்தாவ. அம்பயரு, "என்ன பாடுனா என்னய்யா? பாட்டு அறுந்துச்சா? அறல. ஜெயிச்சாச்சு, போங்க"ன்னுட்டாரு.

வேலை நிரந்தரமாச்சு. எஸ்தர வீட்டுக்குக் கூட்டிட்டு வாரப்ப, "ஆண்டவர் எஞ்ஜெபத்தக் கேட்டுட்டாரு பாத்தியா?"ன்னு பெருமையாச் சொன்னேன்.

"உங்க ஜெபமா?"ன்னா. "‘ஆண்டவரே, அந்த மனுசன் என்னைய ஒரு நிமிசங்கூட மறக்கக்கூடாது’ன்னு தெனமும் முழங்கால்ல நின்னது நானு. விக்கல் பின்ன எங்கன இருந்து வந்துச்சாம்?"

ரெண்டு ஜெபம் ஒண்ணா மேல போயிருக்கு. அவ ஜெபத்த மொதல்ல எடுத்திருக்காரு, நியாயந்தான். அன்னையில இருந்து நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் முழங்கால் போடுதோம். அவ பேரச் சொல்லித்தான் காலையில எந்திரிக்கேன். அவ மட்டும் இன்னும் கால மடக்கியே படுக்கா.

உங்கள்ல யாருக்காவது ஜெபத்துக்குப் பதில் வரலன்னு வருத்தம் இருந்தா, கர்த்தரச் சந்தேகப்படாதீய. அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது. விசுவாசமாக் கேளுங்க. கேக்கிறதுக்கு முன்னால, வீட்டுல அவிய என்ன கேட்டிருக்காவன்னு ஒரு வார்த்த விசாரிச்சுக்கிடுங்க.