பத்தாவது மிதி

சொகுசுக் கார்களைப் பழுது பார்க்கும் அந்த ஒர்க்‌ஷாப்பில் அவளை எல்லோரும் பிரேக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக பிரேக் வேலை மட்டுமே பார்ப்பவள். பின்பக்கம் ஓர் எழுத்தைக் கூடுதலாக ஒட்டி, 'பந்தய ரகம்' என்று ஏகப்பட்ட விலைக்கு விற்கும் கார்களைக் கண்டாலே அவளுக்குச் சிரிப்பு வரும். அப்படிப் பலவற்றைக் கழற்றிப் பார்த்திருக்கிறாள்; எல்லாம் மேல்மினுக்குத்தான், உள்ளே சாதாரணக் காரின் சாமான்களே இருந்தன.

அன்று ஒரு பல் டாக்டர் அப்படி எழுத்து ஒட்டிய தன் காருக்கு, தேய்ந்த பிரேக் பேடு மாற்ற வந்தார்.

"டாக்டர், எழுத்துக்குத்தான் காசு அழுதிருக்கீங்க."

"நீங்களே ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

சக்கரத்தைக் கழற்றியவள் டார்ச்சை எடுத்து உள்ளே குனிந்தாள். பிரேக் டிஸ்க் தாம்பாளம் போல அகன்றிருந்தது. அதைக் குளிர்விக்க பம்பரிலிருந்தே காற்றுக்குழாய் வந்தது.

புதுப் பேடுகளை மாட்டி, பதமாக ஓட்டிப் பழக்கிய பிறகு, டாக்டரோடு சோதனை ஓடுபாதைக்குப் போனாள். நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, ஓங்கி மிதித்தாள். நின்றது. சூடேறினால் எந்த பிரேக்கும் பிடி தளரும் என்று விடாமல் மிதித்தாள். பத்தாவது தடவையும் அதே தூரத்துக்குள் நின்றது, ஓர் அடி கூடவில்லை.

"போதும்மா, எனக்கும் குடும்பம் இருக்கு!" என்றார் டாக்டர், கண்ணைத் திறக்காமலே.

அவள் இறங்கி, அனலடித்த சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்தாள். முகம் தெரியாத யாரோ ஒருவர், பத்தாவது தடவை மிதிப்பவரையும் நினைத்து இந்த பிரேக்கை வடிவமைத்திருக்கிறார். எழுந்து போக அவளுக்கு மனமே வரவில்லை.