சிவப்புக் காரும் லோடு வண்டியும்

என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளிக்கு டிரைவர். முதலாளியிடம் கூரையில்லாத பழைய சிவப்புக் கார் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து வண்டி, இரண்டு பேர்தான் உட்காரலாம். வளைகாப்பு முடிந்து மூத்தவளை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பிரசவத்துக்கு அழைத்துவர அதைத்தான் கேட்டு வாங்கினோம். எண்பதுகளில் எங்கள் தெருவில் யார் மகள் அப்படி வந்தாள்? எனக்கு அதில் இடமில்லை. முந்தின பஸ்ஸிலேயே வந்து வாசலில் நின்றேன்.

அந்தப் பெருமையைப் பத்து வருடம் பேசினேன்.

இளையவளை மகாராஜபுரத்தில் கொடுத்திருந்தோம். அவள் வளைகாப்பின்போது மில்லில் நூல் மூட்டை ஏற்றப் புது பிக்கப் வண்டி வந்திருந்தது. சிவப்புக் காரும் ஓடத்தான் செய்தது. நான் பிக்கப்பைக் கேட்கச் சொன்னேன்.

வண்டியைப் பார்த்த இளையவள் வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

"அக்காவுக்குக் காரு. நான் என்ன, நூல் மூட்டையா?"

"ஏட்டி, அந்தக் காரு தரையோட தரையா இருக்கும். இதுல சௌகரியமா வரலாம்."

"அம்புட்டுப் பேரும் பாக்காக. நான் வரல. இங்கனயே பெத்துக்கிடுதேன்."

சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஊர் பேசுவது ஒரு பக்கம். தலைப்பிரசவத்தில் என் பெண்ணின் பக்கத்தில் நான் இருக்க மாட்டேனே என்பதுதான் என் கவலை.

அவளை மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னேன். சிவப்புக் காரில் காலை நீட்டிப் படுத்தாற்போல்தான் உட்கார வேண்டும். இளையவள் அன்று பள்ளிக்கூடம் போயிருந்தாள். வீட்டு வாசலில் மூத்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். குழந்தை பிறக்கும்வரை கழற்றக்கூடாத வளையலில் நாலு உடைந்து விழுந்தது. இழுத்தவர்களே சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்துவிட்டு, உள்ளே போய் அழுதாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்வரை எனக்கு உறக்கமில்லை.

"பொறவு எதுக்கு ஊரெல்லாம் பெருமை பேசின?"

"பேசிப் பழகிட்டு, தாயி."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பத்து வருசமா அவளப் பாத்துப் பொசுங்கினேனே, பாவி!"

பிக்கப்பில் ஏறுவதும் லேசில்லை. சம்பந்தி வீட்டு ஸ்டூலைப் போட்டுத்தான் ஏற்றினோம். வளைகாப்புக்குக் கொண்டுபோன சோற்றுப் பாத்திரங்கள் பின்னால், நான் நடுவில். "காலை ஒதுக்கு, கியர் போடணும்" என்று வழியெல்லாம் வீட்டுக்காரர் வைதார். இளையவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அழகுக்கு அந்தக் காருக்கு எதுவும் ஈடில்லை. இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மூத்தவள் அன்று சாய்ந்துகொள்ளத் தோளில்லாமல்தான் வந்தாள்.

வீட்டில் மூத்தவள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவளைக் கண்டதும் இளையவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மூத்தவள் என்னைப் பார்த்தாள். "சொல்லிட்டியாம்மா?"

தலையை ஆட்டினேன்.

"சரி. இனிமே அந்தக் கதைய நீ சொல்லாத. நான் சொல்லிக்கிடுதேன்."

அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் இப்போது நானே முழுசாகச் சொல்லிவிட்டேன்.